கீஸ்டோன் ஸ்பீசிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். பல்லுயிர் பாதுகாப்பு பற்றிய ஆசிரியர் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'கீஸ்டோன் ஸ்பீசிஸ்' என்ற இடத்தில் நிற்கிறேன். எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்தும் தன் சூழலையே தாங்கும் உயிரினத்துக்கான சொல் அது. கல்வளைவின் உச்சியில் மற்றக் கற்களை விழாமல் நிறுத்தும் கல்லை வைத்துச் சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1969இல் இட்ட பெயர். இப்போதைக்கு 'ஆதார இனம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
— செ.

'ஆதாரம்' வேண்டாம். பவளம் போல வாழிடத்தையே கட்டித்தரும் உயிர்களுக்கு 'அடித்தள இனம்' என்று ஒன்று இருக்கிறது; இரண்டும் குழம்பும். அவை ஏராளமாக இருந்து தாங்குபவை. பெயின் பார்த்ததோ கொஞ்சமாக இருந்தும் நிறையத் தாங்குவதை. பாறைக்கரையில் நட்சத்திர மீனை மட்டும் தொடர்ந்து அகற்றினார். அது தின்றுவந்த சிப்பிகள் பெருகி இடத்தை அடைத்தன. 15 இனங்கள் 8 ஆகிவிட்டன. வள்ளுவரே சொல் கொடுத்திருக்கிறார்: 'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்' (667). 'அச்சாணி இனம்' என்று வையுங்கள்.
— மு.

குறளில் இருப்பதால் மட்டும் தமிழாகிவிடாது. 'அச்சு' வடமொழி 'அக்ஷ'த்தோடு ஒட்டியது. 'ஆணி' ரிக் வேதத்திலேயே தேர்ச் சக்கரத்துக்கு வருகிறது. 'கடையாணி' என்றாலும் அதே ஆணிதான். 'நிலைப்பினம்' என்று புதிதாக ஆக்கலாமே?
— இரா.

ஐயா, ஆணி அங்கிருந்து வந்ததா, இங்கிருந்து போனதா என்பதைத் தனி இழையில் பேசுவோம். வகுப்பில் 'நிலைப்பினம்' என்றால் 'அழியாமல் நிலைத்த இனம்' என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். அச்சாணி என்றால் விளக்கம் தேவையில்லை. அப்புறம், 'இனம்' போதாது, 'சிற்றினம்' என்பதே பாடநூல் வழக்கு.
— தே.

எனக்கு ஓர் ஐயம். அந்தக் குறள் 'உருவுகண்டு எள்ளாமை' என்று தொடங்குகிறது. யானையும் கீஸ்டோன் ஸ்பீசிஸ் பட்டியலில் உண்டே. அதன் உருவை யார் எள்ளுவார்?
— க.

உருவை விடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். கடல் நீர்நாயை மென்மயிருக்காக ஏறக்குறைய ஒழித்தார்கள். அது தின்றுவந்த கடல் முள்ளெலிகள் பெருகிக் கெல்ப் பாசிக்காட்டை மேய்ந்து தீர்த்தன. 1911இல் நான்கு நாடுகள் ஒப்பந்தம் போட்டு வேட்டையைத் தடுத்தன. நீர்நாய் திரும்பிய இடங்களில் பாசிக்காடும் திரும்பியது. எதை முதலில் காப்பது என்று முடிவெடுக்க ஆசிரியருக்கு இந்தச் சொல் உதவ வேண்டும். 'அச்சாணி' உதவுகிறது.
— மு.

பெரும்பாலானோர் 'அச்சாணி' பக்கம் இருப்பதால் அதையே வைக்கிறேன். கையேடு முழுவதும் 'இனம்' என்றே வருவதால் 'சிற்றினம்' ஆக மாற்ற நேரமில்லை. அனைவருக்கும் நன்றி.
— செ.

வையுங்கள், ஆனால் என் மறுப்பு நிற்கிறது. வடமொழிக்காகச் சொல்லவில்லை. கழன்ற அச்சாணியைத் திரும்பச் செருகினால் தேர் அப்போதே ஓடும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1920களில் ஓநாய்களை ஒழித்தார்கள். 1995இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடையில் எல்க் மான்கள் ஓடைக்கரை வில்லோ செடிகளை மேய்ந்தன, அவற்றைக் கொண்டு ஓடைகளில் அணை கட்டும் பீவர்கள் போயின, ஓடைகள் ஆழ அரித்து நிலத்தடி நீர் இறங்கியது. ஓநாய் வந்தும் பல ஓடைக்கரைகளில் வில்லோ பழையபடி எழவில்லை. எடுத்ததைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இந்தச் சொல் தந்துவிடக் கூடாது. அடிக்குறிப்பாக இரண்டு வரியாவது சேருங்கள்.
— இரா.