புதுப்பிப்பு: லண்டன் விடுமுறையில் பார்க்ரன்

லண்டனுக்கு விடுமுறையில் செல்லும் வெளியூர்க்காரர் அங்குள்ள பூங்காக்களில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ‘பார்க்ரன்’ என்ற ஓட்டத்தில் சேரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஓடிவிட்டு வந்து எழுதுகிறேன்.

2004 அக்டோபர் 2 அன்று 13 பேருடன் பார்க்ரன் தொடங்கிய புஷி பூங்காவிலேயே 5 கிலோமீட்டர் ஓடினேன். மான்கள் உலவும் அந்தப் பூங்காவுக்கு டெடிங்டன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கட்டணம் கிடையாது. இணையத்தில் ஒருமுறை பதிவுசெய்து பெறும் பார்கோடு எந்த நாட்டுப் பார்க்ரனுக்கும் செல்லும் என்றாலும், அதை அச்சிட்டோ கைபேசியிலோ எடுத்துச் செல்லாவிட்டால் ஓடலாமே தவிர உங்கள் நேரம் பதிவாகாது. ஓடி முடித்ததும் தரப்படும், எத்தனையாவதாக வந்தீர்கள் என்பதைக் குறிக்கும் வில்லையை, பார்கோடுடன் சேர்த்து ஸ்கேன் செய்த பிறகு, தன்னார்வலரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நினைவுப்பொருளாக ஊருக்குக் கொண்டுவரும் ஆசை எவருக்கும் வரும், ஆனால் கூடாது.

இங்கிலாந்தில் காலை 9 மணி, ஸ்காட்லாந்தில் 9.30 மணி என்று தொடக்க நேரம் மாறுவதாலும், சில வாரங்களில் நிகழ்வு ரத்தாகக்கூடும் என்பதாலும், பயணத் திட்டம் வகுப்பவர்கள் முந்தைய நாள் அந்தந்த நிகழ்வின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. மெதுவாக நடப்பவர்களும் கலந்துகொள்ளலாமா என்று கேட்டவருக்கு: எல்லோருக்கும் பின்னால் கடைசியாக வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருக்கிறார், ஆகவே தயங்காமல் செல்லுங்கள்.