124 யூனிட் வருது, வீட்டுல புதுசா ஒரு சாமானும் இல்ல

வாவிக்கரை:
மட்டக்களப்பு கல்லடியில வீடு, 4 பேர். பிரிட்ஜ், 2 சீலிங் பேன், டிவி, ரைஸ் குக்கர், கிணத்தடியில ஒட்டோ மோட்டர் (பைப்புல பிரஷர் இறங்கினா தானா ஓடுறது). 88 யூனிட்டுக்குக் கிட்ட நின்ட பில் ரெண்டு மாசமா 124. கரண்ட் லீக்காகுது, வயரிங்க முழுக்க மாத்தணும் என்டு சொல்றாங்க. மாத்தத்தான் வேணுமா?

பியூஸ்கட்டை:
வயரிங்ல கை வைக்காதீங்க. கரண்ட் லீக்கானா தானா விழுந்து கரண்ட நிப்பாட்டுற ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர்ல விழும். அதுக்குள்ள நிக்கிற லீக் 230 வோல்ட்டுல 7 வாட்ஸ் கூட வராது, மாசம் 5 யூனிட். 36 யூனிட்டத் தின்னுற கள்ளன் வேற. (ட்ரிப் சுவிட்ச்ல உள்ள டெஸ்ட் பட்டன அமத்திப் பாருங்க. விழல்லையென்டா பில்ல விட்டுட்டு முதல்ல அத மாத்துங்க.)

மீற்றர்ல மின்னுற சின்ன லைட்டுக்குப் பக்கத்துல, ஒரு யூனிட்டுக்கு எத்தன தரம் மின்னும் என்டு அடிச்சிருக்கும். 1600 என்டா, பிரிட்ஜ் பிளக்கையும் கழட்டி எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு, ஒரு மின்னலுக்கும் அடுத்ததுக்கும் எத்தன செக்கன் என்டு பாருங்க. 2250ஐ அந்தச் செக்கனால பிரிச்சா வாட்ஸ். 3200 மீற்றருக்கு 1125. வாட்ஸ 0.72ஆல பெருக்கினா 30 நாள் யூனிட்.

வாவிக்கரை:
1600தான் அண்ணே. ஆனா சீரா மின்னல்ல. மூன்டரை நிமிஷத்துக்கு மேல சும்மா கிடக்குது, பிறகு படபடவென்டு 5 தரம், திரும்ப நிக்குது. மோட்டர் பிளக் மட்டும் கழட்டல்ல.

கிணத்தடி:
ஆள் அகப்பட்டான். அரை எச்பி மோட்டர் 600 வாட்ஸ் அளவு இழுக்கும். 20 செக்கன் ஓடினா 5 மின்னல். 4 நிமிஷத்துக்கு ஒருக்கா என்டா சராசரி 47 வாட்ஸ், மாசம் 34 யூனிட். ஒருத்தரும் பைப் திறக்காமலே பிரஷர் இறங்குது.

மோட்டர் தாங்கிக்கு அங்கால வீட்டுக்குப் போற கேட் வால்வப் பூட்டுங்க. அப்பவும் மோட்டர் தானா ஓடினா பிழை புட்வால்வுல, கிணத்துக்குள்ள பைப் அடியில தண்ணி திரும்ப இறங்காம பிடிக்கிறது அதுதான். மணல் கிணறுகள்ல ஒரு சின்ன மணல் வால்வு ரப்பர் உக்காருற இடத்துல இருந்தாலே தண்ணி திரும்பக் கிணத்துக்குள்ள இறங்கும். கழட்டிக் கழுவி, ரப்பர் தேஞ்சிருந்தா மாத்துங்க. வால்வப் பூட்டினா அடங்குது என்டா ஒழுக்கு வீட்டுப் பக்கம். கொமட் சிஸ்டர்னுக்குள்ள உடுப்புக்குப் போடுற நீலம் கொஞ்சம் கரைச்சு ஊத்தி, 20 நிமிஷம் பிளஷ் பண்ணாம விடுங்க. கீழ நீலம் வந்தா பெரும்பாலும் சிஸ்டர்ன் அடியில தண்ணிய அடைச்சு வச்சிருக்கிற உள்வாஷர் போயிட்டு. மிதவைக்குப் பக்கத்துல ஓவர்புளோ குழாய்க்குள்ள தண்ணி வழியுதா என்டும் பாருங்க. ரெண்டும் இல்லையென்டாத்தான் மண்ணுக்குள்ள போற பைப்பச் சந்தேகிக்கணும்.

பியூஸ்கட்டை:
மாசம் 120 யூனிட் தாண்டினா கடைசி யூனிட்டுகளுக்கு விலை கூடுறதோட நிலையான கட்டணமும் ஒரு படி ஏறும். 90க்குக் கீழ இறக்கினா அதுவும் ரெண்டு படி குறையும். 88ல இருந்து இன்னும் இறக்கணும் என்டா பேன்தான். பழைய பேன் 75 வாட்ஸ், குறைஞ்ச கரண்ட்ல ஓடுற புது மாதிரி பிஎல்டிசி பேன் 30; ரெண்டு பேனும் 10 மணித்தியாலம் ஓடுற வீட்டுல மாசம் 27 யூனிட் மிச்சம். பிளக்ல செருகுற "பவர் சேவர்" பெட்டிக்குக் காசு குடுத்திராதீங்க. அது திருத்துறது "பவர் பக்டர்" என்ட சங்கதி, வீட்டு மீற்றர் அதக் கணக்கே எடுக்கிறல்ல.

வாவிக்கரை:
நீலம் இறங்கிட்டு. வாஷர் என்ன அளவு வாங்கணும்?

கிணத்தடி:
அளவக் கேக்காதீங்க, பழசக் கழட்டிக் கடைக்குக் கொண்டு போங்க. ஒவ்வொரு சிஸ்டர்னுக்கும் ஒவ்வொன்டு. புதுசப் போட முதல் அது உக்காருற விளிம்ப விரலால தடவிப் பாருங்க. உப்புக்கறை சொரசொரவென்டு இருந்தா வினாகிரி போட்டு உரசிக் கழுவாம எந்த வாஷரும் பிடிக்காது.