பேக்கப்புக்கும் கூடுதல் இடத்துக்கும் ஒரே எக்ஸ்டர்னல் டிரைவ் போதுமா?

காகிதக்கப்பல்:
வணக்கம் நண்பர்களே. என் லேப்டாப்பில் இருப்பது 512 ஜிபி எஸ்எஸ்டி, இப்போது 20 ஜிபி கூட மிச்சமில்லை. இடம் போதாமல் பழைய போட்டோக்கள், பிள்ளைகளின் வீடியோக்கள் என்று 300 ஜிபி அளவுக்கு ஒரு பழைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு லேப்டாப்பில் அழித்துவிட்டேன். போன வாரத்திலிருந்து அதைச் செருகினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, சில சமயம் ஒரு ஃபோல்டர் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. அதனால் 4 டிபியில் புதிதாக ஒன்று வாங்கி, லேப்டாப் பேக்கப், பழைய போட்டோ எல்லாவற்றையும் அதிலேயே வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? எஸ்எஸ்டி கெட்டே போகாது என்கிறார்களே, உண்மையா?

பழைய_பெட்டி:
எதை வாங்குவது என்பதை அப்புறம் பேசலாம், முதலில் அந்தச் சத்தம் போடும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இன்னும் வேலை செய்கிறதா என்று அடிக்கடி செருகிப் பார்க்க வேண்டாம், செக்டிஸ்க், டீஃபிராக் மாதிரி டிஸ்க்கைச் சரிபார்க்கும், ஒழுங்குபடுத்தும் புரோகிராம் எதையும் அதில் ஓட்டவும் வேண்டாம். புது டிரைவ் கைக்கு வந்ததும் பழையதைச் செருகி, திரும்ப எடுக்கவே முடியாத போட்டோக்களை முதலில் காப்பி செய்யுங்கள், சினிமா, சாஃப்ட்வேர் எல்லாம் கடைசியில்.

அப்புறம், நீங்கள் கேட்பது இரண்டு வேலை. லேப்டாப்பில் இருப்பதற்கு இன்னொரு நகல் வேறு இடத்தில் இருந்தால் அது பேக்கப். லேப்டாப்பில் அழித்துவிட்டு டிஸ்க்கில் மட்டும் வைத்திருந்தால் அது வெறும் இடமாற்றம், நகல் எங்கேயும் இல்லை. நானும் இதைத்தான் ஏழு வருடம் பேக்கப் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் மேசையிலிருந்து கீழே விழுந்தது, அப்பாவின் குரல் பதிவான ஒரே வீடியோ அதில்தான் இருந்தது, மீட்டுத் தருபவர்களிடம் கொடுத்தும் கிடைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், 4 டிபியில் ஒன்று வேண்டாம், 2 டிபியில் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் பழைய போட்டோக்கள் இருக்கட்டும், மற்றதில் லேப்டாப் பேக்கப்பும் அதே போட்டோக்களின் நகலும் இருக்கட்டும். மொத்தம் 800 ஜிபிதான் வரும், தாராளமாகக் கொள்ளும்.

மின்மினி:
மேலே சொன்னது அத்தனையும் சரி. எஸ்எஸ்டி கெட்டே போகாது என்பது மட்டும் தப்பு. உள்ளே சுழலும் தட்டு இல்லாததால் விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், ஆனால் அதை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் போனால் எந்தச் சத்தமும் காட்டாமல் திடீரென்று நின்றுவிடும். தகவலை மின்னூட்டமாகத்தான் சேமிக்கிறது என்பதால் வருடக்கணக்கில் செருகாமல் பெட்டியில் போட்டு வைக்கவும் ஏற்றதல்ல. பையில் தினமும் எடுத்துச் செல்ல எஸ்எஸ்டி, வீட்டில் ஒரே இடத்தில் இருக்கும் பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க், என்னைக் கேட்டால் இதுதான்.

வேகத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள். நொடிக்கு 100 எம்பி என்று வைத்தாலும் 300 ஜிபி ஒரு மணி நேரத்துக்குள் முடியும் (சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் கூடுதலாக ஆகும்), அடுத்த முறையிலிருந்து மாறிய ஃபைல்கள் மட்டும்தானே போகப்போகின்றன. ஒன்று, டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே, அதை வைத்து வேகத்தை முடிவு செய்ய முடியாது. பெட்டியில் 5 ஜிபிபிஎஸ்ஸா 10 ஜிபிபிஎஸ்ஸா (நொடிக்கு எத்தனை ஜிகாபிட் என்ற வேகம்) என்று பாருங்கள்.

காகிதக்கப்பல்:
இரண்டாக வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன், நன்றி. மனைவியிடம் இருப்பது மேக், இரண்டிலும் திறக்க எப்படி ஃபார்மேட் செய்வது?

மின்மினி:
எக்ஸ்ஃபேட். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ் என்றால் மேக்கில் படிக்கலாம், எழுத முடியாது. பழைய ஃபார்மேட்டான ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ போகாது. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் சேதம் ஆக வாய்ப்பு அதிகம், எஜெக்ட் கொடுத்துவிட்டே எடுங்கள். பேக்கப் டிரைவை மேக்கில் செருகப்போவதில்லை என்றால் அது என்டிஎஃப்எஸ்ஸிலேயே இருக்கட்டும். 2 டிபி வாங்கினால் விண்டோஸில் 1.81 டிபி என்று காட்டும், ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள், அது கணக்கிடும் முறையில் உள்ள வித்தியாசம்.

தூரிகை:
பேக்கப் முடிந்ததும் கழற்றி வைப்பது ரொம்ப முக்கியம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தால் செருகியிருக்கும் டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும். நம்ப முடியாத விலையில் 16 டிபி என்று வரும் எஸ்எஸ்டிகளைத் தொடவே தொடாதீர்கள், உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை வைத்துக் கொள்ளளவைப் பொய்யாகக் காட்டுவார்கள், காப்பி ஆன மாதிரியே இருக்கும், திறந்தால் ஃபைல் இருக்காது. புது டிரைவ் எதுவானாலும், கொள்ளளவு உண்மையா என்று சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) புரோகிராமை ஓட்டிப் பார்த்த பிறகே உங்கள் போட்டோக்களை அதில் போடுங்கள்.

காகிதக்கப்பல்:
இரண்டும் வந்துவிட்டன, சோதித்தும் பார்த்தேன். பழைய டிஸ்க்கிலிருந்து நேற்று இரவு முதல் 190 ஜிபி வந்திருக்கிறது, பிள்ளைகளின் முதல் மூன்று வருட போட்டோக்கள் முழுதாகக் கிடைத்துவிட்டன. ஒரு ஃபோல்டர் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. அதை இப்போதைக்கு விட்டுவிட்டு மற்றதை எடுக்கிறேன்.