விலைவாசி குறைவு, வட்டியும் குறைவு, டாலர் மட்டும் ஏன் 90?

கொட்டைக்காரன்:

வணக்கம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன், பதினாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். நம்மூர்க் கொட்டை வைகாசியோடு முடிந்துவிடும். அப்புறம் ஐவரி கோஸ்ட், கானா சரக்குதான். தூத்துக்குடி வியாபாரி ஒருவரிடம் ரூபாய் விலையில் வாங்குகிறேன்.

2025 டிசம்பர் 3-ஆம் தேதி டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. அன்று சாயந்திரமே போன் வந்துவிட்டது: 80 கிலோ மூட்டைக்கு 600 ரூபாய் கூட. இரண்டு நாள் கழித்து ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டி) 5.25 சதவீதமாகக் குறைத்தது. டிவியில் ஒரே சந்தோஷம். அக்டோபர் மாதப் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதமாம்.

என் கணக்கைக் கேளுங்கள். 20 லட்சம் சிசி கடன் (வேண்டும்போது எடுத்துக் கட்டும் வியாபாரக் கடன்). 2025 தொடக்கத்தில் ரெப்போ 6.5 இருந்தது, 5.25 ஆனதில் எனக்கு வருஷத்துக்கு மிஞ்சிப்போனால் 25,000 மிச்சம். கொட்டை டன் 1,500 டாலர் என்று வையுங்கள். டாலர் 85 என்றால் 1,27,500. 90 என்றால் 1,35,000. நான் வாங்குவது 40 டன். 3 லட்சம் போச்சு.

விலைவாசி ஏறவில்லை என்றால் ரூபாய் கெட்டியாகத்தானே நிற்க வேண்டும்? வட்டியைக் குறைக்கப் போய்த்தான் ரூபாய் விழுந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம்:

இதிலென்ன சந்தேகம், கவர்மெண்ட் நோட்டு அடித்துத் தள்ளுகிறது, ரூபாய்க்கு மதிப்பு போகிறது. அவ்வளவுதான்.

முள்ளோடை தாண்டி:

தேவனாம்பட்டினத்துக்காரரே, நோட்டு அடித்துத் தள்ளினால் முதலில் விலைவாசி அல்லவா ஏறியிருக்கும்? அது 0.25 என்றுதானே தம்பி தலையைப் பிய்த்துக்கொள்கிறார்!

நான் புதுச்சேரியில் இருக்கிறேன். வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருபத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். கொட்டைக்காரத் தம்பி, நீங்கள் சொல்கிற விதி நீண்ட காலத்துக்குச் சரி. நம் பணவீக்கம் அமெரிக்காவைவிட வருஷத்துக்கு இரண்டு மூன்று சதவீதம் கூட இருந்துகொண்டே வந்தால், ரூபாயும் ஏறக்குறைய அந்த அளவுக்குத் தேயும். 1966 ஜூனில் ஒரே நாளில் டாலரை 4.76-இலிருந்து 7.50 ரூபாய் ஆக்கினார்கள், 1991 ஜூலையில் ரூபாயை இரண்டு தவணையாக இறக்கினார்கள். இரண்டுமே பல வருஷத்துப் பாக்கியை மொத்தமாகத் தீர்த்த மாதிரி. ஆனால் ஒரு மாதம், ஒரு வருஷம் என்று பார்த்தால் அந்த விதி செல்லாது. அப்போது ரூபாயை ஆட்டுவது டாலர் வரத்தும் போக்கும்.

2025-இல் போக்குதான் அதிகம். ஆகஸ்ட் 27-இலிருந்து அமெரிக்கா நம் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குகளை விற்று டாலராக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அக்டோபரில் தங்க இறக்குமதி வேறு எகிறியது. இதற்கும் தக்காளி விலைக்கும் என்ன சம்பந்தம்? பணவீக்கக் கூடையில், அதாவது விலையேற்றத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் சாமான் பட்டியலில், 2025-இல் கிட்டத்தட்ட 46 சதவீதம் சாப்பாட்டுச் சாமான். காய்கறியும் பருப்பும் மலிந்ததால் அந்த 0.25 வந்தது, செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைத்ததும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. உங்கள் ஆப்பிரிக்கக் கொட்டை அந்தக் கூடையில் எங்கே இருக்கிறது?

டாலர் ஏற்றம் கடைவிலைக்கு வரும் வழியிலும் நிறைய தடுப்பு உண்டு. பாமாயில் இறக்குமதியாகிற சரக்கு; ஆனால் கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படைச் சுங்க வரியை மே மாதக் கடைசியில் 20-இலிருந்து 10 சதவீதமாக்கினார்கள். பெட்ரோல், டீசலுக்கான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது, இருந்தும் பங்க்கில் விலை மாதக்கணக்கில் அசையவில்லை. (கடலூர்க்காரர்கள் முள்ளோடை தாண்டி வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போவது எங்கள் வரி குறைவு என்பதால், அது வேறு கதை.) உங்கள் கொட்டைக்குத்தான் இப்படி ஒரு தடுப்பும் இல்லை.

வட்டி விஷயம். டாலர் 90-ஐத் தாண்டியது 3-ஆம் தேதி, வட்டி குறைந்தது 5-ஆம் தேதி. குறையும் என்ற எதிர்பார்ப்புக்கும் கொஞ்சம் பங்கு இருந்திருக்கலாம், ஆனால் அதன் தலையில் எல்லாப் பழியையும் போடாதீர்கள். என் வீட்டு உதாரணம் சொல்கிறேன். அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அம்மாவுக்கு இன்றும் யூரோவில் பென்ஷன் வருகிறது. 2025 தொடக்கத்தில் யூரோ 90-க்குக் கீழே இருந்தது, டிசம்பரில் 105 பக்கம் நின்றது. அதே வருஷம் ஐரோப்பிய மத்திய வங்கி தன் வட்டியை 3-இலிருந்து 2 சதவீதமாகக் குறைத்திருக்கிறது! வட்டி குறைந்தால் பணம் விழும் என்றால் அம்மாவுக்கு எப்படிக் கூடுதலாக வந்தது? டாலர் மேலேயே அந்த வருஷம் நம்பிக்கை குறைந்திருந்தது, அதனால்தான்.

சரி, ரூபாயைக் காப்பாற்ற வட்டியை ஏற்றலாமே என்பீர்கள். 2013 ஜூலையில் செய்தார்கள். வங்கிகள் அவசரத்துக்குக் கடன் வாங்கும் வட்டியை ஒரே அடியாக 8.25-இலிருந்து 10.25 ஆக்கினார்கள். அப்படியும் ஆகஸ்ட் கடைசியில் டாலர் 68-ஐத் தாண்டியது. நான் அப்போது கவுண்டரில் இருந்தேன், ஏற்றுமதிக்காரர்கள் முகத்தில் சிரிப்பும் இறக்குமதிக்காரர்கள் கண்ணில் தண்ணீரும் ஒரே வரிசையில் பார்த்தவன். 2016-இலிருந்து சட்டப்படி ரிசர்வ் வங்கியின் குறி பணவீக்கம் 4 சதவீதம், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். ரூபாய் இத்தனையில் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தடதடவென்று விழாமல் டாலர் விற்றுத் தாங்குவார்கள். அப்படி விற்றால் சந்தையிலிருக்கும் ரூபாய் ரிசர்வ் வங்கிக்குள் போய்விடும், பணம் இறுகும். அந்த ரூபாயைத் திரும்பச் சந்தைக்குள் விடத்தான் அதே 5-ஆம் தேதி, ஒரு லட்சம் கோடிக்குக் கடன் பத்திரம் வாங்கப்போவதாகவும் அறிவித்தார்கள்.

போர்ட்டோநோவோ:

சொந்த ஊர் பரங்கிப்பேட்டை, சிங்கப்பூரில் பதினெட்டு வருஷம். இங்கே நேர்மாறு. 1981-லிருந்து இங்கத்திய நாணய ஆணையம் வட்டியைப் பிடிப்பதில்லை, வெள்ளியின் (சிங்கப்பூர் டாலரை அப்படித்தான் சொல்வோம்) மதிப்பைத்தான் பிடிக்கிறது. பல நாட்டுப் பணத்தைச் சேர்த்த ஒரு கூடைக்கு எதிராக வெள்ளியை மெல்ல ஏற விடுவார்கள். அரிசி, எண்ணெய், மீன் எல்லாமே வெளியிலிருந்து வருவதால் வெள்ளி பலமானால் விலைவாசி தானாக அடங்கும். 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் அந்த ஏற்றத்தின் வேகத்தைக் குறைத்தார்கள், அதுதான் இங்கே வட்டிக் குறைப்பு மாதிரி. துபாயில் இருக்கும் என் மச்சான் கதை வேறு. திர்ஹம் டாலரோடு 3.6725 என்று கட்டிப்போட்டது, அமெரிக்கா வட்டியை மாற்றினால் அவர்களும் மாற்ற வேண்டும். பணம் தாராளமாக வந்துபோகிற நாட்டில் வட்டி, நாணய மதிப்பு இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்துக்கொள்ள முடியாது.

கொட்டைக்காரன்:

புதுச்சேரி ஐயாவுக்கும் சிங்கப்பூர் பாய்க்கும் நன்றி. அப்போ ரிசர்வ் வங்கி என் கொட்டைக்காக ஒன்றும் செய்யப்போவதில்லை, புரிந்தது. ஒன்று கேட்கிறேன், நான் ரூபாயில்தானே வாங்குகிறேன், எனக்கு பார்வர்டு (பின்னால் வாங்கப்போகிற டாலருக்கு இன்றே வங்கியோடு விலை பேசி வைப்பது) போட முடியுமா?

முள்ளோடை தாண்டி:

ரூபாயில் வாங்குகிற உங்களுக்குக் கிடையாது தம்பி, இறக்குமதி செய்கிறவருக்குத்தான். பார்வர்டுக்கான பிரீமியம், அதாவது இன்றைய விலைக்கு மேல் கொடுக்கிற தொகை, பெரும்பாலும் இரண்டு நாட்டு வட்டி வித்தியாசத்தை ஒட்டி இருக்கும். வியாபாரியிடம் ஒன்று கேளுங்கள்: டாலரை முன்கூட்டியே பூட்டி வைத்திருக்கிறாரா? பூட்டியிருந்தால் 3-ஆம் தேதி சாயந்திரமே 600 ஏற்ற அவருக்கு நியாயம் இல்லை. பூட்டவில்லை என்றால் அவருடைய பயத்துக்கும் சேர்த்து நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

கொட்டைக்காரன்:

கேட்டேன் ஐயா. "அதெல்லாம் எங்க ஆடிட்டருக்குத்தான் தெரியும்" என்றார். ஆனால் மூட்டைக்கு 250 குறைத்துக்கொண்டார். சனிக்கிழமை லோடு வருகிறது.