செருப்பு தெரிந்து கழல்கிறதா, தெரியாமலா?

ஒற்றைச்செருப்பு:
பஸ்ஸில் ஏறும்போது வலது கால் செருப்பு கழன்று கீழே விழும், வாரத்தில் நாலு நாள் இதே கதை, ஒரு நாள் பஸ் கிளம்பிவிட ஒற்றைச் செருப்போடு ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். புதுச் செருப்பும் கழன்ற பிறகுதான் கோளாறு காலில் என்று உறைத்தது.

நரம்பியல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கழல்வது உங்களுக்குத் தெரிகிறதா, தெரியாமலே போய்விடுகிறதா?" தெரிகிறது சார், விரலை இறுக்கிப் பிடிக்கத்தான் முடியவில்லை என்றேன். தெரியாமல் போனால் உணர்வு நரம்பு, தெரிந்தும் போனால் தசையை இயக்கும் நரம்பு என்று அதிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது.

அப்புறம் கரண்ட் வைத்துப் பார்க்கும் டெஸ்ட். கையில் நரம்பின் வேகம் வினாடிக்கு 38 மீட்டருக்கு மேல், ஆனால் அலையின் உயரம் குறைவு. அதாவது நரம்பின் மேலுறை நன்றாக இருக்கிறது, உள்ளே ஓடும் ஆக்ஸான்தான், அதாவது நரம்புச் செல்லின் நீண்ட இழைதான், தேய்கிறது. மரபணுச் சோதனையில் மைட்டோஃப்யூசின் 2 என்ற புரதத்துக்கான மரபணுவில் பிழை. நோயின் பெயர் ஷார்கோ-மரி-டூத், 2ஏ வகை. (டூத் என்பது 1886-இல் இதை விவரித்த மூன்று டாக்டர்களில் ஒருவர் பெயர். மாமா பல் டாக்டரிடம் போகச் சொன்னார்.)

எனக்குப் புரியாதது ஒன்றுதான். உடம்பின் எல்லாச் செல்லிலும் இதே பிழை இருக்கிறதே, ஏன் பாதம் மட்டும் முதலில்?

நுண்ணோக்கிக்காரன்:
எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நரம்புச் செல்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தனியாக மிதக்கும் அவரைக்கொட்டை மாதிரி பாடப்புத்தகத்தில் வரைந்திருப்பார்களே, அப்படி இல்லை. செல்லுக்குள் பரவியிருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னல் அதன் மேல் உரசாமல் ஒட்டி நிற்கும், பல இடங்களில் இடைவெளி 10 முதல் 30 நானோமீட்டர்தான். அந்தச் சந்தில்தான் கொடுக்கல் வாங்கல்: வலை கால்சியத்தை விடும், மைட்டோகாண்ட்ரியா அதை வாங்கி ஆற்றல் தயாரிப்பைக் கூட்டும், கொழுப்பும் அந்த வழியேதான் போகும். கால்சியம் அளவு மீறினால் செல்லே செத்துவிடும். உங்கள் மைட்டோஃப்யூசின் 2 இந்த இரண்டையும் கட்டிப்போடும் கொக்கி என்று 2008-இல் ஓர் ஆய்வு சொன்னது, இல்லை, அது தள்ளி வைக்கிறது என்று பின்னால் வேறொரு குழு மறுத்தது, சண்டை இன்னும் ஓடுகிறது. மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைவதற்கும், ஆக்ஸானுக்குள் நகர்வதற்கும் அதே புரதம் வேண்டும் என்பது தனி.

பாதம் ஏன் என்றால், நீளம். ஈரல் செல்லில் மைட்டோகாண்ட்ரியா போகவேண்டிய தூரம் மைக்ரான் கணக்கு. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை வரும் ஆக்ஸானோ கிட்டத்தட்ட ஒரு மீட்டர், அத்தனையும் ஒரே செல். கடைக்கோடிக்குச் சரக்கு போய்ச் சேராவிட்டால் நுனிதான் முதலில் கருகும்.

ஒற்றைச்செருப்பு:
கடைமடை வயல் மாதிரி, சரி, இப்போது புரிகிறது. இதே நோய் உள்ளவர்களுக்கு ஒன்று: வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நமக்கு நரம்பைக் கெடுத்துவிடும், எந்த டாக்டரிடம் போனாலும் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். செருப்பை விட்டாயிற்று, காலுக்குப் பிளாஸ்டிக் பட்டை, மேலே ஷூ. கோயில் வாசலில் கழற்றி மாட்டத்தான் பத்து நிமிடம் ஆகிறது.