அப்பா உட்கார்ந்த இடம்

எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பூங்கா. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஒரு சீசா, நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம், அவ்வளவுதான். அக்காவையும் என்னையும் அப்பா சாயங்காலத்தில் அங்கே கூட்டிப்போவார்.

எத்தனை மணிக்குத் திரும்பணும் என்று அவர் சொன்னதே இல்லை. "மரம் தூங்குற வரைக்கும் விளையாடுங்க" என்பார். வெளிச்சம் மங்க மங்க அதன் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடியும். காம்படியில் உள்ள சிறு புடைப்பில் நீர் ஏறி இறங்குவதால்தான் அப்படி என்று பிறகு படித்தேன். மேகம் கவிந்த நாளில் சீக்கிரமே மடியத் தொடங்கிவிடும். அன்றைக்கு எனக்கு ஒரே அழுகை.

சறுக்குமரம் தகரம். வெயில் தாழ்ந்த பிறகும் தொடையைச் சுடும். அதனால் முதலில் பெஞ்சுக்கு அடியில் உள்ள பொடிமண்ணுக்குத்தான் ஓடுவோம். புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அக்கா மெல்ல ஊதினால் அடியிலிருந்து குழியானை வெளியே வரும். உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நகரும். அந்தக் குறுகுறுப்பு இன்னும் கையில் இருக்கிறது.

ஆனால் நான் காத்திருந்தது சீசாவுக்கு. எதிர்முனையில் அக்கா உட்கார்ந்தால் நான் மேலேயே தொங்கிக்கொண்டிருப்பேன். அப்பா வந்தால் மட்டும் நான் ஜெயிப்பேன். அவர் முனையில் உட்காராமல் நடுத்தாங்கிக்குப் பக்கத்தில், கால்களை மடக்கி உட்காருவார். நான் அழுத்தினால் அவர் உயர்வார். ஒரு சாண் உயரம்தான் இருக்கும். "அம்மாடி, என்னையே தூக்கிட்டியே!" என்பார். நெம்புகோல் பாடம் வந்த அன்றுதான் வகுப்பில் சட்டென்று புரிந்தது. வீட்டுக்கு வந்து அவரிடம் அதைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் என் மகனோடு அங்கே போனேன். சறுக்குமரம் இப்போது பிளாஸ்டிக். மரம் அப்படியே நிற்கிறது. சீசாவில் அவன் ஏறிக்கொண்டு "வாம்மா" என்றான். யோசிக்காமலே நடுவில் போய் உட்கார்ந்தேன். அவன் அழுத்தினான், நான் உயர்ந்தேன். அப்பா அந்த ஒரு சாண் உயரத்திலிருந்து எதைப் பார்த்தார் என்று அப்போதுதான் தெரிந்தது: கைப்பிடியை இறுக்கி, கண்ணை மூடி, மூச்சை அடக்கி, முழு பலத்தோடு என்னைத் தாங்கிக்கொண்டிருக்கிற ஒரு முகம்.