மலைத்தோட்டத்தில் கொலை: போலீஸ் வருவதற்குள் கெட்டுப்போவது எது?

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு சாவு விழுந்தால் முதலில் குத்துவிளக்கு வரும், அப்புறம் வாளித் தண்ணீர். போலீஸை அழைக்கும் 999 அதற்கும் பிறகுதான். சந்தேகச் சாவென்றால் கேஸைக் கெடுப்பது இந்த வரிசைதான். நெற்றிக் காசைக்கூட விட்டுவிடலாம், தாடைக்கட்டுதான் பெரிய வில்லங்கம். வாய் திறந்திருக்கிறதே என்று துண்டை மோவாய்க்கு அடியில் இறுக்கிக் கட்டினால் அங்கே தடம் விழுகிறது. நெரித்த தடமா, சொந்தக்காரர் கட்டிய தடமா என்று பிணவறையில் டாக்டர் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். எண்ணெய், சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டினால் நகக்கண்ணில் ஒட்டியிருந்த அடுத்தவன் தோலும் போச்சு.

குளிப்பாட்ட வேண்டாம், ஆனால் வாளிக்கு வேறு வேலை இருக்கிறது. மழை இறங்கினால் பூட்ஸ் தடத்தின் மேல் வாளியையோ பேசினையோ கவிழ்த்து வையுங்கள், மேட்டுப்பக்கம் சின்னதாக ஒரு கால்வாய் கீறிவிடுங்கள். பிளாஸ்டிக் தாளை விரித்தால் நடுவில் தண்ணீர் தேங்கி, தடத்தையே அமுக்கிவிடும். தோட்டத்தில் பாதிப் பேருக்கு ஒரே மாதிரி ரப்பர் பூட்ஸ்தானே என்று அலட்சியம் வேண்டாம். குதிகால் தேய்ந்த பக்கமும் அடியில் உள்ள வெட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ரத்தத் துணியைத் தொடாதீர்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து, பூஞ்சை பிடித்து, டிஎன்ஏ கெடும். உலர்த்திக் காகிதப் பையில் போடுவது போலீஸ் வேலை.

அடுத்தது நேரக் கணக்கு, அதாவது செத்து எவ்வளவு நேரமாயிற்று என்பது. கீழே சமவெளியில், ஈப்போ நகரில் பழகிய கணக்கை மலைக்கு அப்படியே தூக்கிவந்தால் இடிக்கும். இந்த மலையில் உள்ள தானா ராத்தா ஊர் கிட்டத்தட்ட 1,440 மீட்டர் உயரம், ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும். உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் செத்து ரொம்ப நேரமான மாதிரி தெரியும். விறைப்பும் அழுகலும் தாமதமாவதால் இப்போதுதான் செத்த மாதிரியும் தெரியும். ஒரே உடம்பு, இரண்டு கடிகாரம்! மேலே கம்பளி போர்த்தியிருந்தால் கணக்கு இன்னொரு தடவை மாறும். அதனால் உடம்புச் சூட்டோடு அறைச் சூட்டையும் அதே நேரத்தில் அளந்து குறிப்பார்கள். அதற்குள் யாராவது ஜன்னலைத் திறந்தாலோ, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட அடுப்பை மூட்டினாலோ அந்த அளவு வீண். புதிதாகப் போர்வை போர்த்துவதும் அப்படித்தான்.

சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு ஒன்று. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112-வது பிரிவின்படி, நீங்கள் எந்த மொழியில் சொன்னீர்களோ அந்த மொழியில் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, திருத்தவும் வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். தாளில் மலாயில் இருக்கும். தமிழில் சொல்லியிருந்தால் தமிழில் கேளுங்கள். தோட்டப் பேச்சில் 'அடிச்சான்' என்பதற்கு அறைந்ததும் அர்த்தம், வெட்டியதும் அர்த்தம். கையா கத்தியா என்று அங்கேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

பிடிபட்டவரைத் தடுப்புக் காவலில் எத்தனை நாள் வைக்கலாம்? பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 302 கேஸில், அதாவது தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவில், முதலில் 7 நாள் வரை, மறுபடி கேட்டால் இன்னொரு 7 நாள் வரை கிடைக்கும். அந்தப் பிரிவில் தூக்கு இப்போது கட்டாயம் இல்லை. 2023 ஜூலை 4 முதல் தூக்கு, இல்லாவிட்டால் 30 முதல் 40 ஆண்டு சிறை. சிறையென்றால் குறைந்தது 12 பிரம்படியும் உண்டு.